விட்டுப்போன சிஷ்யர்

என் அத்தை ஒருத்தி எண்பது வயது வரை இருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளரை நீட்டிய கையோடு, "என் தலைக்குள்ளே ஒரு டாக்டர் காற்றை விட்டிருக்கார், தெரியுமோ?" என்று ஆரம்பித்துவிடுவாள். வந்தவர் சிரிப்பதா, அனுதாபப்படுவதா என்று தெரியாமல் விழிப்பார். ஆனால் அத்தை சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. 1964ஆம் வருஷம் அவளுக்குத் தீராத தலைவலியும் அடிக்கடி மயக்கமும் வந்துகொண்டிருந்தன. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளை ஒரு நாற்காலியில் குனிந்து உட்கார வைத்தார்கள். முதுகில் ஊசியைச் செருகிக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் காற்றை ஏற்றினார்கள். காற்று மேலே ஏறி மூளைக்குள் போயிற்று. அதன் பிறகு எக்ஸ்ரே படம் பிடித்தார்கள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அப்பாவோடு பார்க்கப் போனபோது அத்தை கண்ணையே திறக்கவில்லை. தலைக்குள் இடி இடிக்கிறது என்று கையால் மட்டும் ஜாடை காட்டினாள். மூன்று நாள் கழித்துத்தான் ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போயிற்று. படத்தில் கட்டி ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே போன காற்று சில நாளில் தானாகக் கரைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதில் அத்தைக்குக் கடைசி வரையில் நம்பிக்கை ஏற்படவில்லை.

மண்டையைத் திறக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க அந்த நாளில் அது ஒரு முக்கியமான வழி. சி.டி. ஸ்கான் என்ற யந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது 1971ல், லண்டனில். அதற்கு முந்திய ஐம்பது வருஷ காலமும் உலகமெங்கும் மூளை வைத்தியர்கள் காற்றை நம்பியிருந்தார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு காரியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால், அதைச் செய்த ஆள் யார் என்று தேடிக்கொண்டு போவான். அத்தை காலமான பிறகு ஒரு நாள் நானும் போனேன். மூளைக்குள் காற்றை விட்டுப் படம் பிடிக்கலாம் என்று 1918ல் கண்டுபிடித்துச் சொன்னவர் வால்ட்டர் டாண்டி என்ற அமெரிக்கர். பெரிய பேராசிரியராக இருப்பார், நரைத்த தலையும் தங்க பிரேம் மூக்குக் கண்ணாடியுமாக இருப்பார் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. அவருக்கு அப்போது 32 வயது. ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து தொழில் பழகும் பயிற்சி டாக்டர். பயிற்சி தொடங்கி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷத்தில் நடந்தவற்றைப் படித்தபோது, இதில் ஒரு நாவலே இருக்கிறது என்று தோன்றியது. நான் எழுதவில்லை. எழுதினால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.

கதை நடந்த இடம் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. 1889ல் திறந்தது. அங்கே ரண சிகிச்சைக்குத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட். விசித்திரமான மனிதர். சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்பினவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று எந்த ஆபரேஷன் அறையிலும் காணும் ரப்பர் கையுறை வழக்கத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கிருமியைக் கொல்லும் மருந்து தம்முடைய நர்ஸின் கைகளைப் புண்ணாக்குகிறதே என்று குட்இயர் கம்பெனியாரிடம் சொல்லிக் கையுறை செய்வித்தார். பிறகு 1890ல் அந்த நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார். அவரிடம் ஒரு ரகசியமும் இருந்தது. கோகெயினை உடம்பில் செலுத்தினால் அந்த இடம் மரத்துப் போகிறதா என்று இளம் வயதில் தம்மீதே பரீட்சை செய்து பார்த்து, அதற்கு அடிமையாகி, அதிலிருந்து மீள மார்பியாவைப் பிடித்துக்கொண்டவர். கூட வேலை பார்த்த ஆஸ்லர் இதைத் தனியாக எழுதிப் பூட்டி வைத்திருந்தார். 1969ல்தான் அது வெளியே வந்தது.

இந்த ஹால்ஸ்டெட் ரண வைத்தியர்களைத் தயாரிப்பதற்கு ஜெர்மானியரைப் பார்த்து ஒரு முறை ஏற்படுத்தினார். பட்டம் வாங்கிய இளைஞன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்து தங்க வேண்டும். ராப்பகல் அங்கேதான். எத்தனை வருஷம் என்று கணக்குக் கிடையாது. குரு போதும் என்கிறபோதுதான் போதும். கல்யாணம், குடும்பம் எல்லாம் பிற்பாடு. கீழ்ப் படியில் பல பேர் சேர்வார்கள். வருஷத்துக்கு வருஷம் சிலர் கழன்று போவார்கள். உச்சியில் ஒருவர்தான் நிற்பார். அவருக்கு ரெசிடெண்ட் என்று பெயர். நம்முடைய பழைய குருகுலத்தை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதி விளங்க, அந்தக் குருகுலத்தில் குரு பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடை வந்தால் ஹால்ஸ்டெட் வட கரோலினா மலைப் பக்கத்தில் உள்ள தம்முடைய பண்ணைக்குப் போய்விடுவார். ஊரில் இருக்கும்போதும் பல நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை காட்டமாட்டார். கத்தியைப் பிடிக்கிற பாரம் ரெசிடெண்ட் தலையில் விழும்.

1896ல் அந்தக் குருகுலத்தில் வந்து சேர்ந்தவர் ஹார்வி குஷிங். தகப்பனார், பாட்டனார், அவருக்கும் தகப்பனார் எல்லோரும் வைத்தியர்கள். பாஸ்டனில் மாணவராக இருந்தபோது ஒரு சம்பவம். ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலையை அந்த நாளில் மாணவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள், சொல்லிக்கொடுக்காமலே. குஷிங் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனான். இளைஞருக்குப் படிப்பே வேண்டாம் என்று ஆகிவிட்டது. பெரியவர்கள், இது சகஜம், இதற்கெல்லாம் கலங்கினால் நடக்குமா என்றார்கள். அந்தப் பதில்தான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். காட்மன் என்ற சிநேகிதரும் அவரும், யார் நன்றாக மயக்க மருந்து கொடுப்பது, தோற்றவர் ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். நோயாளியின் நாடியையும் மூச்சையும் நிமிஷக் கணக்கில் காகிதத்தில் குறித்துக்கொண்டே போனார்கள். இன்று உலகத்தில் எந்த ஆபரேஷன் நடந்தாலும் கூடவே ஒரு குறிப்புத் தாளும் நிரம்புகிறதே, அதன் மூலம் இந்தச் சாப்பாட்டுப் பந்தயம்தான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் செய்த காரியம் இது.

பால்டிமோருக்கு வந்த குஷிங்குக்கு, குரு ஊரில் இல்லாதது முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதன் சௌகரியம் புரிந்திருக்க வேண்டும். நான்கு வருஷத்தில் அவர் கைபடாத ஆபரேஷன் இல்லை. முகத்து நரம்பு வலிக்காகக் கபாலத்துக்கு அடியில் போய்ச் செய்கிற மகா கடினமான ஆபரேஷனையும் செய்து, அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். 1900ல் கப்பல் ஏறி ஐரோப்பா போனார். ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் கோக்கர் என்ற மேதை அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார். மண்டைக்குள் அழுத்தம் அதிகமானால் என்ன ஆகிறது? குஷிங் நாய்களின் மண்டையில் சிறு ஜன்னல் வைத்து உள்ளே பார்த்தார். அழுத்தம் ஏற ஏற, மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடாமல் இருக்க உடம்பு ரத்த அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறது என்று கண்டார். இன்றைக்கும் தலையில் அடிபட்டவனின் ரத்த அழுத்தம் ஏறி, நாடி மெதுவானால் டாக்டர்கள் பதறுகிறார்கள். அதற்குக் குஷிங் பெயரையே வைத்திருக்கிறார்கள். திரும்புகிற வழியில் இத்தாலியில் பாவியா ஊரில் ரிவா ரோச்சி என்பவர் செய்த ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கண்டார். நம் கையில் பட்டையைச் சுற்றி அமுக்குகிறார்களே, அதற்குப் பாட்டன். அதை 1901ல் பால்டிமோருக்குக் கொண்டுவந்தார்.

ஆக, பயிற்சிக் காலத்திலேயே ஆராய்ச்சி செய்து பெயர் வாங்கினவர் குஷிங். அப்படிப்பட்டவர் குருவானால் எப்படி இருக்கும்? அதுதான் அடுத்த அத்தியாயம்.

மூளை ரண சிகிச்சை என்பதைத் தனித் தொழிலாகவே ஆக்கினார் குஷிங். அதற்கு முன்பு மண்டையைத் திறந்தால் மறுபடி மூடுவதற்குள் உயிர் போய்விடுவது வழக்கமாக இருந்தது. இவர் பொறுமையாக, மணிக்கணக்காக, ஒரு சொட்டு ரத்தம் வீணாகாமல் வேலை செய்வார். நன்றாகப் படம் வரைவார். நன்றாக எழுதவும் எழுதுவார். பிற்காலத்தில் அவர் எழுதிய ஆஸ்லர் சரித்திரத்துக்கு 1926ல் புலிட்சர் பரிசே கிடைத்தது. 1905ல் ஹாப்கின்ஸில் ஹண்டேரியன் என்ற ஆராய்ச்சிசாலை ஏற்பட்டது. நாய்களுக்கு ஆபரேஷன் செய்து மாணவர்கள் கை பழகவும், பயிற்சி டாக்டர்கள் ஆராய்ச்சி செய்யவும் குஷிங் மேற்பார்வையில் நடந்தது. வருஷத்துக்கு ஒரு இளைஞரைப் பொறுக்கி அங்கே போடுவார். 1910ல் பொறுக்கப்பட்டவர் வால்ட்டர் டாண்டி.

டாண்டியின் தகப்பனார் ரயில் எஞ்சின் டிரைவர். இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவர், தாயார் அயர்லாந்துக்காரி. மிசௌரி மாகாணத்தில் செடேலியா என்ற ரயில்வே ஊரில் 1886ல் பிறந்த ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் முதல் மாணவர். ஹாப்கின்ஸில் படிக்கும்போதே மால் என்ற பேராசிரியரிடம், இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு மனிதக் கருவை ஆராய்ந்து கட்டுரை எழுதியவர். மூன்று தலைமுறை வைத்தியக் குடும்பத்துக்காரரும், எஞ்சின் டிரைவர் மகனும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். ஒருவர் நயமாகப் பேசுவார், இன்னொருவர் பட்டென்று பேசுவார். இதை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் சண்டைக்குக் காரணம் சொல்வது சுலபம். ஆனால் அது போதாது என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்ததுதான் கோளாறு. வேலை என்றால் இருவருக்கும் பசி தெரியாது. தாம் கண்டதை இன்னொருவர் மறுத்தால் இருவருக்கும் பொறுக்காது.

முதல் வருஷம் நன்றாகவே போயிற்று. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குகிற பிட்யூட்டரி என்ற சுரப்பிதான் அப்போது குஷிங்கின் பைத்தியம். டாண்டியும் கூட்டாளி கோட்ஷும் அதற்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் குஷிங்கின் உதவி டாக்டராக டாண்டி அமர்ந்தார். அங்கேதான் பிசகியது. ஒரு பரிசோதனையில் டாண்டிக்குக் கிடைத்த முடிவு குஷிங்கின் கொள்கைக்கு ஒத்துவரவில்லை, அதில் மூண்டது மனஸ்தாபம் என்று டாண்டி பக்கத்தார் சொல்வதுண்டு. பையன் பணிவில்லாதவன் என்று குஷிங் பக்கத்தார் சொல்வதுண்டு. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

1912ல் குஷிங்குக்குப் பாஸ்டனில் ஹார்வர்ட் பேராசிரியர் பதவியும், புதிதாகக் கட்டிய பிரிகாம் ஆஸ்பத்திரியில் தலைமை ஸ்தானமும் கிடைத்தன. தம்மோடு சிலரை அழைத்துக்கொண்டு போனார். தன்னையும் அழைத்துப் போவார் என்றுதான் டாண்டி நம்பியிருந்தார். கடைசியில், உனக்கு அங்கே இடமில்லை என்று ஆகிவிட்டது. இதற்குள் ஹாப்கின்ஸில் அடுத்த வருஷத்துக்கு வேண்டியவர்களை நியமித்தாகிவிட்டது. ஹால்ஸ்டெட் வழக்கம்போல் ஊரில் இல்லை. 26 வயதில் டாண்டிக்குப் பாஸ்டனிலும் இடமில்லை, பால்டிமோரிலும் இடமில்லை.

ஒரு நிமிஷம் இங்கே நிற்க வேண்டும். தொழில் பழகுகிற காலத்தில் குருவின் கோபத்துக்கு ஆளாவது என்றால் என்ன என்று, எந்தத் தொழில் பழகினவருக்கும் தெரியும். பட்டறையில் இருக்கிற சுத்தியலும் உலையும் ஆசாரியுடையவை. "போ" என்றால் கையில் கற்றது மட்டும் மிஞ்சும். டாண்டி வேறு ஊரில் சாதாரண டாக்டராகப் போர்டு மாட்டிக்கொண்டு பிழைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் போகவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகி இரக்கப்பட்டு, பதவி இல்லாவிட்டாலும் தங்கிக்கொள் என்று இடம் கொடுத்தார். வேலை இல்லாத டாக்டர், நாய்களும் கண்ணாடிக் குழாய்களும் இருக்கிற ஆராய்ச்சிசாலைக்கு மறுபடி நடந்து போனார்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குழந்தையின் உடம்பு இளைத்திருக்கும்; தலை மட்டும் பூசணிக்காய் மாதிரி வளர்ந்துகொண்டே போகும். தாயார் மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஏன் வருகிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியாது. பெயர் மட்டும் நீளமாக வைத்திருந்தார்கள்.

மூளையின் நடுவே நான்கு அறைகள் இருக்கின்றன. உள்ளே தெளிந்த நீர். அறைக்கு அறை சிறு வாய்க்கால்கள்; அதில் ஒன்று வைக்கோல் துவாரத்தைவிடக் குறுகியது. நீர் எங்கே ஊறுகிறது, எங்கே வடிகிறது? இது தெரிந்தால் அல்லவா தேங்குவதற்குக் காரணம் தெரியும்? ஹாப்கின்ஸ் வளாகத்திலேயே 1912ல் ஹாரியட் லேன் குழந்தைகள் ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த புக்கனனின் மருமாள் ஹாரியட் லேன். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். பிறத்தியார் குழந்தைகளாவது பிழைக்கட்டும் என்று சொத்தை எழுதி வைத்துவிட்டுப் போனாள். அங்கே கென்னத் பிளாக்பன் என்ற குழந்தை வைத்தியர் டாண்டிக்குக் கூட்டாளியாக வந்தார்.

இருவரும் செய்தது கேட்பதற்குச் சுலபம். அந்தக் குறுகிய வாய்க்காலை நாயின் மூளையில் பஞ்சு வைத்து அடைத்தார்கள். பின்னால் இருந்த அறைகள் வீங்கின. ஆக, நீர் உள்ளேதான் ஊறுகிறது. வெளியேற அந்த வழியை விட்டால் வேறு வழியில்லை. ஊறுவது எங்கே? அறைகளுக்குள் பூங்கொத்துப் போலத் தொங்குகிற ரத்தக் குழாய்ப் பின்னலில். பிறகு நோயாளிக் குழந்தைகளிடம் வந்தார்கள். சிறுநீரகத்தைச் சோதிப்பதற்காக அதே ஹாப்கின்ஸில் ரௌன்ட்ரீ, கெராக்டி என்ற இருவர் 1910ல் கொண்டுவந்த ஒரு சிவப்புச் சாயம் இருந்தது. அதை மூளை அறைக்குள் ஊசியால் செலுத்தி, முதுகுத் தண்டு நீரில் வருகிறதா என்று பார்த்தார்கள். சில குழந்தைகளுக்குச் சில நிமிஷத்தில் முதுகில் சாயம் தெரிந்தது. அங்கே வழி அடையவில்லை. நீரை ரத்தம் உறிஞ்சிக்கொள்வதில்தான் கோளாறு. மற்றக் குழந்தைகளுக்குச் சாயம் வரவே இல்லை. அங்கே வழி அடைபட்டிருக்கிறது. பூசணித் தலை என்று ஒரே பெயர் வைத்திருந்த நோய் இரண்டு நோயாகப் பிரிந்தது. எங்கே அடைப்பு என்று தெரிந்தால்தானே கத்தி எங்கே போகவேண்டும் என்று தெரியும்? இன்றும் அந்தப் பிரிவினைதான் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

கட்டுரைகள் 1913லும் 1914லும் வெளிவந்தன. ஊருக்குத் திரும்பியிருந்த ஹால்ஸ்டெட் இதைக் கவனித்தார். டாண்டியைத் தம்முடைய பயிற்சி வரிசையிலேயே சேர்த்துக்கொண்டார். டாண்டி இனிமேல் இதற்குச் சமமாக ஒன்றும் செய்யப்போவதில்லை, ஒரு மனிதனுக்கு ஒரு பெரிய கண்டுபிடிப்புக் கிடைத்தாலே அதிகம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். சொல்லியிருந்தால், நல்ல குருவும் ஜோசியத்தில் தவறலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

இதில் ஒரு வேடிக்கை. குஷிங் பாஸ்டனுக்கு அழைத்துப்போனவர்களில் லூயி வீட் என்ற இளைஞர் ஒருவர். அவரும் அதே சமயத்தில் அதே மூளை நீரைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார், அது ரத்தத்துக்குள் எப்படி வடிகிறது என்று. 1914ல் அவரும் முடிவை வெளியிட்டார். அழைத்துப்போன சிஷ்யர் ஒரு முனையிலும், விட்டுப்போன சிஷ்யர் இன்னொரு முனையிலுமாக ஒரே சொம்பு நீரை அளந்திருக்கிறார்கள்.

இனி காற்று. மூளையில் கட்டி இருக்கிறது என்று அறிகுறிகளை வைத்துச் சொல்லிவிடலாம். எந்தப் பக்கம், எந்த இடம்? அதுதான் தெரியாது. தவறான பக்கத்தில் மண்டையைத் திறந்துவிட்டு மூடுவது அன்றைக்கு அபூர்வமல்ல. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். மூளையையும் கட்டியையும் நீரையும் ஒரே சாம்பல் நிறமாகக் காட்டும். டாண்டியும் மூத்த பயிற்சி டாக்டர் ஹூயரும் 100 மூளைக் கட்டி நோயாளிகளின் படங்களை வரிசையாகப் பார்த்து 1916ல் எழுதினார்கள். கட்டியே நிழலாகத் தெரிந்த படங்கள் சொற்பம். மூளையின் அறைகளுக்குள் எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்து எதையாவது விட்டால் அறைகளின் வடிவம் தெரியும். ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அங்கே கட்டி. யோசனை சரிதான். ஆனால் நாய்களின் தலையில் விட்டுப்பார்த்த மருந்துகள் எல்லாம் விஷமாக முடிந்தன.

ஹால்ஸ்டெட்டுக்கு ஒரு பேச்சு வழக்கம் இருந்தது. வயிற்று எக்ஸ்ரே படத்தைக் கையில் எடுத்தால், குடலில் உள்ள வாயு எலும்பையே துளைத்துவிட்டாற்போலக் கறுப்பாகத் தெரிகிறதே என்று அதிசயப்படுவார். பல தடவை சொல்லியிருக்கிறார். பல பேர் கேட்டிருக்கிறார்கள். 1913ல் நியூயார்க்கில் மண்டை உடைந்த ஒருவருக்கு மூளை அறைக்குள் தானாகக் காற்று புகுந்து, எக்ஸ்ரேயில் அறைகள் பளிச்சென்று தெரிந்ததும் பத்திரிகையில் வந்திருந்தது. கனமான மருந்தைத் தேடிக்கொண்டிருந்த டாண்டிக்கு, நிழலே விழாத காற்றைப் போட்டால் என்ன என்று தோன்றியது. முதலில் குழந்தைகளுக்குச் செய்தார். உச்சி மூடாத குழந்தைக்கு ஊசி சுலபமாக இறங்கும். 1918ல் கட்டுரை வெளிவந்தது. அதிலே ஹால்ஸ்டெட்டின் அந்தப் பேச்சு தம்மை யோசிக்க வைத்தது என்று மறக்காமல் எழுதினார். மறு வருஷம் முதுகு வழியாகவே காற்றை ஏற்றும் முறையையும் சொன்னார். அத்தைக்குச் செய்தது இது.

நிழலை மட்டும் பேசி வெயிலை விட்டுவிடக்கூடாது என்பார்கள்; இங்கே வெயிலைப் பேசி நிழலை விடக்கூடாது. நீர் ஊறும் பின்னலையே எடுத்துவிட்டால் நோய் தீருமே என்று அதே 1918ல் டாண்டி நான்கு குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்தார். மூன்று குழந்தைகள் பிழைக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காற்றுப் பரிசோதனையிலும் உயிர்கள் போயின. ஆபத்து அதிகம், அதோடு நோயாளியை நிதானமாகப் பரிசோதித்து இடத்தை ஊகிக்கிற கலையே மழுங்கிவிடும் என்று பாஸ்டனில் குஷிங் அதிருப்தி தெரிவித்தார். ஒதுக்கிய சிஷ்யனின் கண்டுபிடிப்பு என்பதால் மட்டும் அவர் அப்படிச் சொன்னார் என்று நான் எழுதத் தயாராயில்லை. தம்முடைய கையையும் கண்ணையும் நம்பி ஆயிரக்கணக்கில் மண்டைகளைத் திறந்தவர். அவருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மற்ற டாக்டர்களுக்குத் தேவைப்பட்டது.

சண்டை 1922ல் பகிரங்கமாயிற்று. காது நரம்பில் வளரும் ஒரு கட்டியைப் பற்றிக் குஷிங் 1917ல் பெரிய புத்தகமே எழுதியிருந்தார். அதை முழுக்க எடுக்கப் போனால் உயிர் போகும். உள்ளே இருப்பதைச் சுரண்டிவிட்டு மேல் ஓட்டை விட்டுவிட வேண்டும் என்பது அவர் முறை. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் கட்டி மறுபடி வளரும். டாண்டி ஓட்டையும் சேர்த்து எடுக்கலாம் என்று ஹாப்கின்ஸ் பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். முன்னோடிகளின் உழைப்பைச் சரியாகச் சொல்லவில்லை என்று குஷிங் சுடச்சுடக் கடிதம் போட்டார். டாண்டியும் சளைக்காமல் பதில் போட்டார். அந்தக் குறிப்பு வந்த அதே 1922 செப்டம்பரில் ஹால்ஸ்டெட் காலமானார். சமாதானம் செய்து வைக்க, மனம் வைத்திருந்தால் அவர் ஒருவரால்தான் முடிந்திருக்கும். ஆனால் அவர் மனம் வைத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

இவ்வளவையும் படித்தபோது நான் ஆரம்பத்தில் டாண்டி கட்சியாகவே இருந்தேன். போகப் போகக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. குஷிங்கிடம் பெர்சிவல் பெய்லி என்று ஒரு சிஷ்யர். அவரும் சண்டை போட்டவர்தான். மூளைக் கட்டிகளை நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து வருஷக் கணக்காகப் பார்த்து இனம் பிரித்தார். 1926ல் இருவரும் சேர்ந்து புத்தகம் வெளியிட்டபோது அட்டையில் பெய்லி பெயர் முன்னாலும் குஷிங் பெயர் பின்னாலும் வந்தது. டாண்டியோ, தாம் குருவானபோது பூப்போல இருந்தாரா? ஆபரேஷன் அறையில் அவர் கோபம் ஹாப்கின்ஸ் முழுக்கப் பிரசித்தம். அவரிடம் பயிற்சி பெற்ற இளைஞர்கள் நடுங்கினார்கள். வீட்டில் குழந்தைகளோடு விளையாடுகிற அருமையான தகப்பன், அறைக்குள் வந்தால் வேறு ஆள். ஹால்ஸ்டெட் மட்டும்தான் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ள அவர் அங்கே இருந்தால்தானே! அந்த மனிதர் வராமல் இருந்த நாட்களில்தான் குஷிங் உருவானார், டாண்டியும் உருவானார். ஒரு நோயாளி என்ற முறையில் அது எனக்குப் பயமாக இருக்கிறது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒரு சங்கதி. மூளைக்குள் ரத்தம் கசிந்தால் நூலைக் கட்டி நிறுத்த முடியாது. கை போகிற இடமில்லை. அதற்காகக் குஷிங் வெள்ளிக் கம்பியை வளைத்து, குழாயை நெரித்துப் பிடிக்கும் ஒரு சின்னக் கிளிப்பைச் செய்தார். அவர் அதை எழுதி வெளியிட்டது 1911ல், டாண்டி அவரிடம் இருந்த காலம். 1937 மார்ச் 23ஆம் தேதி பால்டிமோரில் 43 வயதுள்ள ஒருவர் ஒரு கண் இமை தொங்கிப்போய் டாண்டியிடம் படுத்திருந்தார். மூளையின் அடியில் ஒரு ரத்தக் குழாய் கொப்புளம்போல் வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. எந்த நேரமும் வெடிக்கலாம். அந்தக் கொப்புளத்தின் கழுத்தில் டாண்டி ஒரு கிளிப்பை மாட்டினார். உலகத்தில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார். மாட்டியது அந்த வெள்ளிக் கிளிப்பின் வகையைச் சேர்ந்ததுதான். குஷிங் அப்போது உயிரோடு இருந்தார். இன்னும் இரண்டரை வருஷம் இருந்தார்.